மிசிசிப்பி விதையும் மாசிப்பட்டமும்

வத்திராயிருப்பைச் சுற்றியுள்ள இறவைத் தோட்டங்களில் மாசிப்பட்டத்துக்கு ஊன்றுகிற பருத்தி நம்மூர்ப் பருத்தி அல்ல. நம்மூர்ப் பருத்தி கிழக்கே கரிசலில் இருந்தது. கருங்கண்ணி, உப்பம் என்ற இரண்டும் சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துக் கறுப்பு மண்ணில் தலைமுறை தலைமுறையாக விளைந்தவை. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைப்பார்கள். கோடை பிறக்கும்போது காய் வெடிக்கும். கிணற்றுத் தண்ணீரை அவை கேட்டதில்லை. இழைதான் குட்டை. மேற்கே மலையடிவாரத்தில், கண்மாயும் கிணறும் பிளவக்கல் அணைத் தண்ணீரும் எட்டுகிற நிலத்தில், நெல்லுக்கும் தென்னைக்கும் நடுவே நிற்கிற இப்போதைய செடி வேறு இனம். இலை அகலம், காய் பெரிது, இழை நீளம். பூர்வீகம் மெக்சிகோ. அது இந்த மண்ணுக்கு வந்து சேர்வதற்குள் ஒரு தேசம் இரண்டாகப் பிளந்து, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போரில் செத்து, பாதி உலகத்தின் நெசவாலைகள் மூடித் திறந்தன. வந்த வழி அப்படி.

தாவரவியல்காரர்கள் இரண்டையும் பிரிப்பது எளிது. கருங்கண்ணிக்கும் உப்பத்துக்கும் குரோமோசோம் 26. மெக்சிகோக்காரருக்கு 52. அந்த 52இல் ஒரு பாதி பழைய உலகத்துப் பருத்திக்கு நெருங்கிய சொந்தம் என்று கண்டிருக்கிறார்கள். மனிதன் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே இந்தப் பக்கத்துச் சொந்தம் ஒன்று எப்படியோ கடல் தாண்டி, அமெரிக்கக் கண்டத்துக் காட்டுப் பருத்தியோடு கலந்திருக்கிறது. ஆக, பின்னாளில் கப்பலேறி வந்த விதையை முற்றிலும் அந்நியன் என்றும் ஒதுக்க முடியாது.

இந்த விதையின் வரலாறு சூடுபிடிப்பது 1793இல். அதுவரை அமெரிக்காவில் பருத்தி பெரிய பயிரல்ல. தெற்கு மாநிலங்கள் புகையிலை, நெல், அவுரி என்று பிழைத்தன. புகையிலை மண்ணைத் தின்றுவிட்டிருந்தது. 1787இல் பிலடெல்பியாவில் அரசியல் சாசனம் எழுத உட்கார்ந்தவர்களில் பலர், அடிமை முறை தானாகவே தேய்ந்து போய்விடும் என்று நினைத்தார்கள். அந்த நம்பிக்கையில் மோசமான சமரசங்கள் செய்துகொண்டார்கள். நாடாளுமன்ற இடங்களைக் கணக்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணுவது. வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை 1808 வரை தடுக்காமல் இருப்பது. அடிமைக்கு ஓட்டு கிடையாது. அவனை வைத்திருப்பவனுக்கு அவன் பேரில் கூடுதல் பலம். தெற்கும் வடக்கும் ஒரே வீட்டில் குடியேறியது இந்தக் கணக்கோடுதான்.

உள்நாட்டு மேட்டுநிலத்தில் விளைந்த பருத்தியின் கொட்டையில் பச்சை மயிர் அப்பிக்கொண்டிருக்கும். நம் ஊர்களில் இரண்டு உருளைகளுக்கு நடுவே பஞ்சைக் கொடுத்துக் கையால் சுற்றிக் கொட்டை எடுத்ததுபோல அங்கே எடுக்க வரவில்லை. ஓர் ஆள் நாள் முழுக்க உட்கார்ந்தால் ஒரு பவுண்டு பஞ்சு தேறும். எலி விட்னி என்ற வடக்கத்திய இளைஞர், மாசசூசெட்ஸில் பிறந்து யேல் கல்லூரியில் படித்தவர், ஜார்ஜியாவில் ஒரு பண்ணை வீட்டில் தங்கியிருந்தபோது பற்கள் வைத்த உருளையால் பஞ்சைப் பிய்த்து இழுக்கும் எந்திரத்தைச் செய்தார். அதில் ஒரு நாளைக்கு ஐம்பது பவுண்டு. 1794இல் காப்புரிமை கிடைத்தும் அதில் அவர் பெரிதாகச் சம்பாதிக்கவில்லை. ஊருக்கு ஊர் காப்பியடித்துவிட்டார்கள். வெறுத்துப்போய் வடக்கே திரும்பி, அரசாங்கத்துக்குத் துப்பாக்கி செய்து கொடுக்கும் தொழிலுக்குப் போனார். தெற்குக்குப் பருத்தி எந்திரத்தையும் வடக்குக்குத் துப்பாக்கித் தொழிற்சாலையையும் ஒரே ஆள் கொடுத்துவிட்டுப் போனதைக் கதையில் எழுதினால் நம்பமாட்டார்கள்.

எந்திரம் வந்தது, நல்ல விதை இல்லை. 1806ஐ ஒட்டி வால்டர் பர்லிங் என்பவர் மெக்சிகோ நகரத்துக்குப் போனபோது அங்கே ஒரு பருத்தியைப் பார்த்து மயங்கினாராம். விதையை வெளியே கொண்டுபோக ஸ்பானிய அரசின் தடை. வேண்டுமானால் எத்தனை பொம்மை வேண்டுமோ வாங்கிக்கொண்டு போ என்று ஆளுநர் கண்ணடித்தாராம். பொம்மைகளின் வயிற்றுக்குள் அடைத்திருந்தது பருத்தி விதை. இது பிற்காலத்தில் எழுதி வைத்த கதை. நடந்ததோ இல்லையோ, மெக்சிகோ விதை மிசிசிப்பி ஆற்றங்கரை நாட்செஸ் ஊருக்கு வந்து சேர்ந்தது உண்மை. காய் நன்றாக விரிந்து பஞ்சு கைக்குச் சுலபமாக வந்தது. உள்ளூர்ச் செடிகளோடு அது கலந்து, தேர்ந்தெடுக்கப்பட்டு, தென் மாநிலங்கள் முழுக்கப் பரவியது.

பரவியது என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன். நிலம் சும்மா கிடக்கவில்லை. செரோக்கி, கிரீக், சாக்டா, சிக்கசா மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். 1830இல் சட்டம் போட்டு அவர்களை மிசிசிப்பிக்கு மேற்கே விரட்டினார்கள். நடைவழியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். காலியான நிலத்துக்கு உழைப்பாளிகள் வேண்டுமே. வெளிநாட்டு அடிமை வியாபாரம் 1808இல் நின்றதும் உள்நாட்டு வியாபாரம் கொழுத்தது. விர்ஜினியா, மேரிலாந்து போன்ற பழைய மாநிலங்களிலிருந்து ஏறக்குறைய பத்து லட்சம் கறுப்பின மக்கள் தென்மேற்கே கொண்டுபோகப்பட்டார்கள். சங்கிலியில் கோத்து நடத்தியும் கொண்டுபோனார்கள், கப்பலிலும் ஏற்றினார்கள். தாய் ஒரு ஏலத்தில், பிள்ளை வேறொரு ஏலத்தில். 1790இல் அந்த நாட்டில் அடிமைகள் சுமார் 7 லட்சம். 1860இல் சுமார் 39 லட்சம். அதே காலத்தில் பருத்தி சில ஆயிரம் பொதியிலிருந்து ஏறத்தாழ 40 லட்சம் பொதிக்கு ஏறியது. தேய்ந்துபோகும் என்று சாசனம் எழுதியவர்கள் நினைத்த ஒன்றை இந்தச் செடி கொழுக்க வைத்துவிட்டது.

இனிமேல்தான் வடக்கு தெற்குச் சண்டை. 1819இல் மிசோரி, தன்னை ஒரு மாநிலமாகச் சேர்க்கச் சொல்லி மனுக் கொடுத்தது. அப்போது அடிமை மாநிலங்கள் 11, அடிமையில்லா மாநிலங்கள் 11. மேலவையில் மாநிலத்துக்கு இரண்டு உறுப்பினர். தராசு நேராக நின்றது. மிசோரி எந்தத் தட்டில் ஏறினாலும் சாயும். வடக்கே மெயின் என்ற பகுதியை மாசசூசெட்ஸிலிருந்து பிரித்து அடிமையில்லா மாநிலமாக்கினார்கள்; மிசோரி அடிமை மாநிலமாக வந்தது. மேற்கே புதிதாக வாங்கிய லூசியானா நிலத்தில் 36 பாகை 30 கலை அட்சக்கோட்டுக்கு வடக்கே, மிசோரியைத் தவிர, அடிமை முறை கூடாது என்று 1820இல் கோடு கிழித்தார்கள். நிலப்படத்தில் ஓர் அளவுகோலை வைத்து இழுத்த கோடு அது. ஆற்றையோ மலையையோ அது மதிக்கவில்லை. இரண்டு பக்கத்து மக்களும் தங்களை முதன்முதலாக இரண்டு பக்கத்து மக்களாக எண்ணத் தொடங்கியது அந்தக் கோட்டிலிருந்துதான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது சுங்கவரி. இதை நம்மவர்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். தெற்கு தன் பருத்தியை லிவர்பூலுக்கு விற்றது; அங்கிருந்து துணி, இரும்பு, கருவிகள் வாங்கியது. வடக்கிலோ புதிய ஆலைகள் எழுந்துகொண்டிருந்தன; பிரிட்டிஷ் சரக்கு மலிவாக வந்தால் அவை படுத்துவிடும். ஆகவே வடக்குக்கு இறக்குமதி வரி வேண்டும், தெற்குக்கு வேண்டாம். 1828இல் போட்ட உயர்ந்த வரியைத் தெற்கத்தியர்கள் அருவருப்பான வரி என்றே பெயர் சொல்லி அழைத்தார்கள். அப்போதைய துணைக் குடியரசுத் தலைவர் ஜான் கால்ஹூன், தென் கரோலினாக்காரர், தன் பெயரைப் போடாமல் ஓர் எதிர்ப்பு அறிக்கை எழுதிக் கொடுத்தார். மத்திய அரசின் சட்டம் பிடிக்கவில்லை என்றால் ஒரு மாநிலம் அதைத் தன் எல்லைக்குள் செல்லாததாக்கலாம் என்பது அவருடைய வாதம். 1832 நவம்பரில் தென் கரோலினா அதைச் செய்தும் காட்டியது. குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சனும் தெற்கத்தியர்தான், நூற்றுக்கணக்கில் அடிமைகளை வைத்திருந்தவர்தான். ஆனாலும் படையை அனுப்புவேன் என்றார். 1833இல் வரியைப் படிப்படியாகக் குறைப்பதாக ஒரு சமரசம் பேசி ஆறப்போட்டார்கள்.

‘வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது’ என்ற முழக்கத்தை 1950களிலும் 60களிலும் மேடைக்கு மேடை கேட்ட தமிழருக்குக் கால்ஹூன் பேசியது அன்னியமாகத் தோன்றாது. ஆலை அங்கே, விளைச்சல் இங்கே. வரி இங்கே, வளர்ச்சி அங்கே. ஆனால் ஒப்பீட்டை அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். நம் முழக்கத்தின் அடியில் இருந்தது இரும்பாலையும் துறைமுகமும் மொழியும். பிரிவினைக் கோரிக்கையையும் அண்ணா 1963இல் கைவிட்டார். கால்ஹூனின் வாதத்துக்கு அடியில் இருந்தது மனிதர்களைச் சொத்தாக வைத்திருக்கும் உரிமை. மத்திய அரசு இன்று வரி விஷயத்தில் மாநிலத்தை மீறினால் நாளை அடிமை விஷயத்திலும் மீறும் என்ற பயம்தான் அவரைச் சட்டம் பேச வைத்தது. போர் வரியால் வந்தது என்று இன்றைக்கும் சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. 1860 முடிவில் தென் கரோலினா பிரிந்துபோனபோது வெளியிட்ட காரண அறிக்கையை எடுத்துப் படித்தால் போதும். அதில் பெரும்பகுதி அடிமை முறையைப் பற்றித்தான்.

வடக்கின் கையும் சுத்தமில்லை. லோவல் நகரத்து ஆலைகள் அடிமைகள் எடுத்த பஞ்சைத்தான் நூற்றன. நியூயார்க் வங்கிகள் அதன்மேல் கடன் கொடுத்தன. கப்பலும் காப்பீடும் அங்கேதான். 1861 ஜனவரியில் நியூயார்க் மேயர் பெர்னாண்டோ வுட், தெற்கோடு வியாபாரம் கெடாமல் இருக்க நகரமே தனியாகப் பிரிந்துவிடலாம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்.

போருக்கு முந்தைய ஆண்டுகளுக்குக் கொஞ்சம் பின்னே போனால், கதை நம் சீமையைத் தொடுகிறது. லங்காஷயர் ஆலைகளுக்கு வேண்டிய பஞ்சில் பெரும்பகுதி ஒரே நாட்டிலிருந்து, அதுவும் இப்படிக் கொதித்துக்கொண்டிருக்கும் நாட்டிலிருந்து வருவது ஆலை முதலாளிகளை உறுத்தியது. இங்கிலாந்தின் அடிமை எதிர்ப்பாளர்களுக்கு வேறொரு கணக்கு. 1839இல் லண்டனில் தொடங்கிய பிரிட்டிஷ் இந்தியா சங்கத்தில் ஜார்ஜ் தாம்சன் போன்றவர்கள், இந்தியாவில் சுதந்திரமான உழைப்பில் மலிவாகப் பருத்தி விளைந்தால் அமெரிக்க அடிமை முறை தானே சரியும் என்று பேசினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி 1840இல் கேப்டன் பெய்ல்ஸ் என்பவரைத் தென் மாநிலங்களுக்கு அனுப்பிப் பத்துப் பருத்திப் பண்ணைக்காரர்களை விதையோடும் எந்திரத்தோடும் இந்தியாவுக்கு அழைத்து வந்தது. கோயம்புத்தூரில் அந்தச் சோதனைப் பண்ணைகளை 1842 முதல் மேற்பார்த்தவர் ராபர்ட் வைட், தென்னிந்தியத் தாவரங்களை இந்திய ஓவியர்களைக் கொண்டு வரைய வைத்த அதே தாவரவியல் அறிஞர். பத்துப் பேரில் ஒருவரான ஃபின்னி திருநெல்வேலிச் சீமைக்கு வந்து சேர்ந்தார். அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரும் வத்திராயிருப்பும் திருநெல்வேலிக் கலெக்டரின் எல்லைக்குள் இருந்தன; 1910இல்தான் இராமநாதபுரம் மாவட்டத்துக்கு மாறின.

சுதந்திர உழைப்பு என்று லண்டனில் பேசியவர்கள் நம் ஊர் வயலைப் பார்த்ததில்லை. அன்றைக்குத் தமிழ்நாட்டு நன்செய்களில் நிலத்தோடு சேர்த்து ஆளையும் அடகு வைத்தார்கள், விற்றார்கள். கம்பெனி அரசு அடிமைத்தனத்துக்குச் சட்ட அங்கீகாரத்தை விலக்கியதே 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்தால்தான். அதற்குப் பிறகும் பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்தார். கரிசல் புன்செய்க்காரர் அடிமை இல்லைதான். தீர்வை கட்டுவதற்காகச் செடி பூக்குமுன்பே தரகரிடம் முன்பணம் வாங்கியவர். அமெரிக்கத் தெற்கைப் பார்த்துத் தலையசைக்கும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

சோதனை தோற்றது. அமெரிக்க விதைக்கு வேண்டிய நேரத்தில் இங்கே மழை இல்லை. மழை கொட்டுகிற கார்த்திகையில் அதற்குத் தண்ணீர் வேண்டியதில்லை. கரிசல் வெடித்தால் வேர் அறும், நனைந்தால் அழுகும். கருங்கண்ணி அதே நிலத்தில் எதுவும் நடக்காததுபோல் நின்றது. விட்னியின் வழிவந்த பற்சக்கர எந்திரமும் நம்மூர்ப் பருத்தியின் குட்டை இழையை அறுத்தது. பத்தாண்டுச் செலவு வீண். 1853இல் வைட் இந்தியாவை விட்டே போய்விட்டார். விவசாயிகள் தங்கள் பழைய விதைக்கே திரும்பினார்கள். சோம்பல், பழமைப் பிடிப்பு என்று அதிகாரிகள் அதற்குக் காரணம் எழுதினார்கள். உண்மையில் மண்ணைத் தெரிந்தவர்கள் செய்த முடிவு அது.

அமெரிக்காவில் 1850கள் ஓட்டமாக ஓடின. மெக்சிகோவோடு போரிட்டுப் பிடுங்கிய நிலம் யாருக்கு என்று 1850இல் ஒரு சமரசம். தப்பியோடிய அடிமையைப் பிடித்துக் கொடுப்பது வடக்கத்தியனின் கடமை என்று அதோடு ஒரு சட்டம். வீட்டு வாசலுக்கே வந்த அந்தச் சட்டம் வடக்கில் சும்மா இருந்தவர்களையும் உசுப்பிவிட்டது. 1854இல் மிசோரிக் கோட்டையே அழித்துவிட்டார்கள்; கான்சாஸில் இரு தரப்பும் வெட்டிக்கொண்டார்கள். மிசோரி மாநிலம் செயின்ட் லூயிஸ் நகர நீதிமன்றத்தில் ட்ரெட் ஸ்காட் என்ற அடிமை தன் விடுதலைக்காகத் தொடுத்த வழக்கில், கறுப்பர் இந்த நாட்டின் குடிமகனே ஆக முடியாது என்று 1857இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1858இல் தென் கரோலினாவின் ஜேம்ஸ் ஹாமண்ட் மேலவையில் எழுந்து, பருத்திதான் ராஜா, அதன்மேல் எவனும் போர் தொடுக்கத் துணியமாட்டான் என்று முழங்கினார். அந்த ஆணவத்துக்கு ஆதாரம் இருந்தது. அமெரிக்க ஏற்றுமதியின் மதிப்பில் பாதிக்கு மேல் அப்போது பருத்தி. பிரிட்டன் வாங்கிய பஞ்சில் நூற்றுக்குச் சுமார் எண்பது தெற்கிலிருந்து. பஞ்சை நிறுத்தினால் லங்காஷயர் பட்டினி கிடக்கும், பிரிட்டன் நம் பக்கம் வந்தே தீரும் என்று கணக்குப் போட்டார்கள்.

அடிமை முறை மேலும் பரவுவதை எதிர்த்த ஆபிரகாம் லிங்கன் 1860இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் வென்றார். டிசம்பர் 20இல் தென் கரோலினா பிரிந்தது. கடைசியில் பிரிந்தவை 11 மாநிலங்கள். 1861 ஏப்ரல் 12இல் சம்டர் கோட்டைமேல் குண்டு விழுந்தது. தெற்கு தானே பஞ்சை அனுப்பாமல் பிடித்துவைத்தது. வடக்கின் கடற்படை துறைமுகங்களை மறித்தது. லங்காஷயரில் லட்சக்கணக்கானோர் வேலையிழந்து கஞ்சித்தொட்டிக்கு வந்தார்கள். ஆனாலும் பிரிட்டன் தெற்கின் பக்கம் போகவில்லை. பசியோடிருந்த மான்செஸ்டர் தொழிலாளர்கள் 1862இன் கடைசி நாளில் கூடி, அடிமை முறையை எதிர்த்து லிங்கனுக்கு ஆதரவுக் கடிதம் அனுப்பினார்கள். ராஜா என்று சொன்ன பருத்தி போரில் தோற்றதற்கு இன்னொரு காரணம் நாம்தான். இந்தியா, எகிப்து என்று பஞ்சு வேறு வழியில் போகத் தொடங்கியது.

இங்கே விலை பறந்தது. சென்னை அரசின் சார்பில் டால்பாய்ஸ் வீலர் 1862இல் சென்னை மாகாணப் பருத்திச் சாகுபடி பற்றி ஒரு கையேடே தொகுத்து வெளியிட்டார். வைட், ஃபின்னி காலத்துக் கோப்புகளைத் தூசி தட்டியெடுத்தது அதற்காகத்தான். பம்பாயில் காசு மழை பெய்து, பங்குச் சூதாட்டமாகி, 1865இல் போர் முடிந்ததும் எல்லாம் சரிந்தது. திருநெல்வேலிச் சீமையில் மாட்டுவண்டிகள் தூத்துக்குடிக்கு வரிசை கட்டின. இந்தியப் பருத்திகளில் நம் திருநெல்வேலிப் பருத்திக்குக் கொஞ்சம் நல்ல பெயர் உண்டு. ஆனாலும் அமெரிக்க இழைக்குப் பழகிய லங்காஷயர்த் தறிகளுக்கு இந்தியப் பஞ்சு என்றாலே எரிச்சல். போர் ஓய்ந்ததும் அவர்கள் பழைய கடைக்கே திரும்பினார்கள். விலை ஏறியபோது கையில் மிஞ்சியதில் பெரும்பங்கு இடையில் நின்றவர்களுக்கு. ஏறிய விலையில் நூல் வாங்க முடியாமல் தறியை நிறுத்திய நம்மூர் நெசவாளிகளைப் பற்றி லிவர்பூலில் எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆனால் ரயிலும் ஆலையும் வந்துவிட்டன. 1876இல் தூத்துக்குடிக்கு ரயில். 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் நூற்பாலை வைத்தார்கள்; பிறகு மதுரையில். விருதுபட்டி (இப்போதைய விருதுநகர்) பஞ்சுச் சந்தையாகத் தடித்தது. 1901இல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம். ஆலைக்கு நீள இழை வேண்டும்; கருங்கண்ணியால் அது முடியாது. அப்போதுதான் மெக்சிகோக்காரர் இரண்டாம் முறை வந்தார், வேறு வாசல் வழியாக.

1905ஐ ஒட்டிக் கம்போடியாவிலிருந்து ஒரு விதை திருநெல்வேலி, மதுரைப் பக்கம் வந்தது. கம்போடியா பருத்தி என்று பெயர். உண்மையில் அது அமெரிக்க மேட்டுநிலப் பருத்திதான். பிரெஞ்சு இந்தோசீனாவில் தங்கி வெப்ப நாட்டுக்குப் பழகிய கிளை. வைட் கரிசலில் முட்டிக்கொண்டு தோற்ற இடத்தில் இது செம்மண்ணையும் கமலைக் கிணற்றையும் பிடித்துக்கொண்டது. மழையை எதிர்பார்க்காமல் கிணற்றை எதிர்பார்த்தது. சில ஆண்டுகளுக்குள் கோவை, மதுரை, திருநெல்வேலி இறவைத் தோட்டங்களில் நிலைத்துவிட்டது. பத்து அமெரிக்கப் பண்ணைக்காரர்கள் இல்லாமலே, விவசாயிகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் விதைத்தும் அது பரவியது. 1912இல் கோயம்புத்தூரில் பருத்திக்கென்று நிலையம் அமைந்து, அங்கே அதைத் தேர்ந்தெடுத்தும் கலப்பு செய்தும் புதிய ரகங்கள் எடுத்தார்கள். அந்த வரிசைக்கு எம்.சி.யு. என்று பெயர்: மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா. உகாண்டா எப்படி உள்ளே வந்தது? 1903இல் மிஷன் சார்ந்த ஒரு கம்பெனி அங்கே கொண்டுபோய் விதைத்ததும் அமெரிக்கப் பருத்திதான். மிசிசிப்பிக் கரையில் பிரிந்த உறவுகள் கோயம்புத்தூர்ப் பாத்தியில் சம்பந்தம் பேசின. எம்.சி.யு. 5 ரகம் 1968இல் வந்தது. இழை நீளத்துக்காக ஆலைக்காரர்கள் தேடி வாங்கினார்கள்.

விருதுநகரிலிருந்து தென்காசிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாக 1927இல் ரயில் ஓடத் தொடங்கியது. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதன் பிறகு ராஜபாளையம் நூலாலை ஊராயிற்று. பக்கத்துச் சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் தறிகளோ சேலை வேட்டி நெய்யவில்லை. காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணியும் காஸும் நெய்தன. இன்றும் அதுதான் தொழில். ஸ்ரீவில்லிபுத்தூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் எஸ்.வி.பி.ஆர். என்ற ஊர்ப்பெயரிலேயே ரகங்களை வெளியிட்டது. மெக்சிகோவிலிருந்து கிளம்பியது கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று பெயர் வைத்துக்கொண்டது.

2002 மார்ச்சில் மரபணு மாற்றிய பருத்திக்கு இந்தியா அனுமதி கொடுத்தது. காய்ப்புழுவைக் கொல்லும் அந்த மரபணுவின் உரிமை அப்போது மான்சான்டோ கம்பெனியிடம் இருந்தது. அதன் தலைமையகம் இருந்தது மிசோரி மாநிலம் செயின்ட் லூயிஸில். ட்ரெட் ஸ்காட் வழக்குத் தொடுத்த அதே ஊர். 450 கிராம் பொட்டலத்தில் வந்தது சாயம் பூசிய விதை. அதிலிருந்து எடுத்த கொட்டையை மறு பட்டத்துக்குப் போட்டால் பழைய விளைச்சல் வராது. ஆண்டுதோறும் கடைக்குப் போக வேண்டும். இப்போது இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நஞ்சுக்குப் பழகிவிட்டது, மருந்துச் செலவு திரும்பி வந்துவிட்டது. விதை விவசாயியின் வீட்டுக் குதிரில் இருந்த காலத்தைத் தொலைத்ததுதான் இந்த மாற்றத்தின் பெரிய விலை என்பது என் கருத்து. முதல் ஆண்டுகளின் விளைச்சலை வைத்து என்னோடு வாதிடுகிறவர்கள் உண்டு.

சுங்கவரிச் சண்டை இன்றும் ஓயவில்லை. தமிழ்நாட்டில் விளைவது சில லட்சம் பொதி. இங்குள்ள ஆலைகள் கேட்பது நூறு லட்சம் பொதிக்கும் மேல். குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் பஞ்சு வர வேண்டும். லாரி வாடகையும் சேர்ந்து வரும். இல்லையென்றால் வெளிநாட்டிலிருந்து தூத்துக்குடியில் இறக்க வேண்டும். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளிநாட்டுப் பருத்திக்கு வரி போட்டது. எல்லாம் சேர்த்து 11 சதவீதம். ஆலைகள் கூக்குரலிட்டன. 2022இல் சில மாதம் விலக்கினார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்ட நேரத்தில், ஆகஸ்ட் 19 முதல் பருத்தி இறக்குமதி வரியை இந்தியா நீக்கியது. செப்டம்பர் 30 வரை என்று தொடங்கி டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். வரி இல்லாமல் வந்த பஞ்சில் அமெரிக்கப் பஞ்சும் உண்டு.

1828இல் வரி வேண்டாம் என்று கத்தியவர் பருத்தி விளைவித்தவர், வேண்டும் என்றவர் ஆலைக்காரர். இப்போது நேர்மாறு. ஆலைக்காரர் விலக்கச் சொல்கிறார், விளைவிப்பவர் வைக்கச் சொல்கிறார். ஆலைச் சங்கங்கள் நெடுநாளாகச் சொல்லும் வாதம் ஒன்று உண்டு: புதுப் பருத்தி அக்டோபரில்தான் சந்தைக்கு வரும், அதற்கு முந்தைய மாதங்களில் வரி விலக்கினால் எந்த விவசாயிக்கும் நஷ்டமில்லை. குஜராத்துக்கும் மகாராஷ்டிரத்துக்கும் அது பெரும்பாலும் உண்மை. மாசியில் ஊன்றிய வத்திராயிருப்புப் பருத்தி ஆனி, ஆடி, ஆவணியில் சந்தைக்கு வந்துவிடும். ஆகஸ்ட் 19 என்பது ஆவணி பிறந்த மூன்றாம் நாள். 2025-26க்கு நீள இழைப் பருத்திக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 8,110 ரூபாய். அந்தப் பருவக் கணக்குத் தொடங்குவதும் அக்டோபரில்தான். வரியின் நாட்காட்டியும் ஆதரவு விலையின் நாட்காட்டியும் வடக்கத்திய விதைப்பைப் பார்த்து எழுதியவை. மாசிப்பட்டத்துக்கும் அந்த நாட்காட்டிகளில் ஓர் இடம் வேண்டும். ராஜபாளையம் ஆலைகளுக்கு அதனால் பெரிய இழப்பு எதுவும் வராது.